சதுக்கம் வெறிச்சோடிய பின்னர்

"சனம் சோர்ந்து போச்சு." 2009இற்குப் பின்னர் இலண்டனில் எந்தத் தமிழ்க் கூட்டத்துக்குப் போனாலும், அது ஹரோவில் ஒரு பாடசாலை மண்டபமாக இருந்தாலென்ன, ஈஸ்ற்ஹாமில் கடைக்கு மேலிருக்கும் ஓர் அறையாக இருந்தாலென்ன, முதல் அரை மணித்தியாலத்துக்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சொல்பவர் தன்னையும் சேர்த்துச் சொல்வதில்லை. சோர்ந்துபோவது எப்போதும் "சனம்"தான். அடுத்து ஒருவர் எழுந்து சனத்துக்கு உணர்வூட்ட வேண்டும் என்பார். பிறகு தேநீர் வரும்.

இந்தச் சோர்வு எவ்வாறு உண்டானது, அதனை எதிர்கொள்ள நாம் கையாண்ட வழிகளில் எவை உதவின, எவை கெடுதல் செய்தன என்பதை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். தலைமைகளின் தோல்வி பற்றி எம்மிடையே வேண்டிய அளவுக்கு எழுதப்பட்டுவிட்டது. எந்த அமைப்பிலும் உறுப்பினராக இல்லாமல், வேலை முடிந்த கையோடு பதாகை பிடிக்க வந்து நின்ற சாதாரண ஆதரவாளருக்கு என்ன நடந்தது என்பது பற்றி எழுதப்பட்டவை மிகச் சொற்பம்.

2009 ஏப்ரல் 6ஆம் திகதி மாலை வெஸ்ற்மினிஸ்ரர் பாலத்தை மறித்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலானோர் மாணவர்கள். மறுநாள் பொலிசார் பாலத்தை விடுவித்தனர். போராட்டம் பாராளுமன்றச் சதுக்கத்துக்கு நகர்ந்தது. ஏப்ரல் 11இல் நடந்த ஊர்வலத்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டதாகச் சொல்லப்பட்டது. எண்ணிக்கையில் பொலிசாரும் நாமும் ஒருபோதும் உடன்பட்டதில்லை. யூன் 17ஆம் திகதி சதுக்கத்தை விட்டு வெளியேறியபோது 73 நாட்கள் ஆகியிருந்தன. யுத்தம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஈராக் மீதான தடைகளுக்கும் பின்னர் யுத்தத்துக்கும் எதிராக 2001இலிருந்து அதே சதுக்கத்தில் கூடாரமடித்திருந்த பிரையன் ஹோ, நாம் வரும்போதும் அங்கிருந்தார், நாம் போகும்போதும் அங்கிருந்தார். 2011இல் அவர் இறந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது அவரது பதாகைகள் அல்ல. ஒரு மழை நாளில் எங்கள் பிள்ளைகளையும் அவரையும் ஒரே பொலிஸ்காரர் ஒரே விதமான சலிப்போடு பார்த்துக்கொண்டு நின்றதுதான்.

அந்தப் 73 நாட்களும் ஒரு வாக்குறுதியின் மேல் நடந்தவை. யாரும் அதனை எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லோரும் அதனை விளங்கிக்கொண்டிருந்தோம். இன்னும் கொஞ்சச் சனம் வந்தால், இன்னும் சில நாட்கள் நின்றால், பிரித்தானியா பேசும், பிரித்தானியா பேசினால் ஷெல்லடி நிற்கும் என்பதே அது. அடிப்படை இல்லாத நம்பிக்கை என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. அவ்வாண்டு பெப்ரவரியில் பிரதமர் கோர்டன் பிரவுண், டெஸ் பிரவுணை இலங்கைக்கான விசேட தூதராக நியமித்தார். கொழும்பு அவரை ஏற்க மறுத்தது. ஏப்ரல் இறுதியில் வெளிநாட்டமைச்சர் டேவிட் மிலிபான்ட், பிரெஞ்சு அமைச்சர் குஷ்னேருடன் நேரே போய்ப் பார்த்தார். வெறுங்கையோடு திரும்பினார். ஆக, பிரித்தானியா பேசியது. ஷெல்லடி நிற்கவில்லை. மே 18, 19இல் எல்லாம் முடிந்தது. மே 27இல் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடி, 29 நாடுகள் ஆதரவாகவும் 12 நாடுகள் எதிராகவும் வாக்களிக்க, 6 நாடுகள் ஒதுங்கி நிற்க, இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை நிறைவேற்றியது. இந்தியா ஆதரித்தது. பிரித்தானியா எதிர்த்தது.

சோர்வின் முதல் ஊற்று இங்கேதான் இருக்கிறது. போராட்டத்தின் பலனை ஆட்களின் எண்ணிக்கையோடும் மணித்தியாலங்களோடும் இறுகக் கட்டிவிட்டால், பலன் வராதபோது ஆதரவாளருக்கு ஒரே ஒரு விளக்கம்தான் மிஞ்சுகிறது: நான் போதிய அளவு நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் பெற்றோல் ஸ்ரேசன் ஒன்றில் இரவு வேலை செய்பவர். காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து, நித்திரை கொள்ளாமல் சதுக்கத்துக்கு வந்து மத்தியானம் வரை நிற்பார். மே 11ஆம் திகதிக் கிழமையில் காய்ச்சலாகி நான்கு நாட்கள் வரவில்லை. யுத்தம் முடிந்த பிறகு அவர் என்னிடம் சொன்ன ஒரே வசனம், "அந்த நாலு நாள் நான் படுத்திருந்திட்டன், தம்பி." படித்த மனிதர். தான் படுத்திருந்ததற்கும் முள்ளிவாய்க்காலுக்கும் தொடர்பில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் பயனில்லை. அதன் பிறகு அவர் ரெலிபோன் எடுப்பதில்லை. மனைவிதான் எடுப்பார், "அவர் நித்திரை" என்பார்.

குற்றவுணர்வுள்ள மனிதனிடம் போய் "நீ சோர்ந்துவிட்டாய், எழுந்து வா" என்று உணர்வூட்டினால் என்ன நடக்கும்? அவன் இன்னும் தள்ளிப் போவான். கூட்டங்களில் நாம் வருடக்கணக்காகச் செய்தது இதைத்தான்.

இரண்டாவதாக நாம் செய்தது இன்னும் மோசமானது. தோல்வியை இல்லையென்று சொல்லி மனவுறுதியைக் காப்பாற்றப் பார்த்தோம். மே 24ஆம் திகதி புலிகளின் சர்வதேசப் பொறுப்பாளராயிருந்த செல்வராசா பத்மநாதனே தலைவரின் மரணத்தை உறுதிப்படுத்தினார். அதன் பிறகும் "இருக்கிறார், வருவார்" என்ற பேச்சு ஓயவில்லை. 2023 பெப்ரவரியில் தஞ்சாவூரில் பழ. நெடுமாறன் பத்திரிகையாளரைக் கூட்டி அதனையே திரும்பச் சொன்னார். இதற்கு ஒரு நியாயம் கற்பிக்கப்படுவதுண்டு: "சனத்துக்குப் பிடிமானம் வேண்டும்." எனது அனுபவத்தில் இது பிடிமானம் கொடுக்கவில்லை, துக்கத்தைத்தான் ஒத்திப்போட்டது. எங்கள் ஊர்களில் செத்தவீட்டுக்கு எட்டும் முப்பத்தொன்றும் உண்டு. அழுவதற்கு நாள் குறித்திருப்பது, அழுது முடித்து எழும்புவதற்கும்தான். இறந்தவரை இறந்தவர் என்று சொல்லாத வீட்டில் முப்பத்தொன்று வருவதில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் வேறு வேலைக்குத் திரும்ப முடியாது.

மூன்றாவது ஊற்று வெளியிலிருந்து வந்தது. அதனைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் இதில் எமது நடத்தை பற்றி நாம் இன்னும் வெளிப்படையாகப் பேசவில்லை.

சதுக்கத்தில் 28 வயதான சுப்பிரமணியம் பரமேஸ்வரன் ஏப்ரலில் மூன்று வாரங்களுக்கு மேல் உண்ணாவிரதம் இருந்தார். அவ்வருடம் ஒக்டோபரில் 'டெய்லி மெயில்', 'சன்' ஆகிய பத்திரிகைகள், அவர் இரகசியமாக மக்டொனால்ட்ஸ் பேகர் சாப்பிட்டார் என்றும் பொலிஸ் கமெரா அதனைக் கண்டுபிடித்தது என்றும் எழுதின. அவர் வழக்குத் தொடர்ந்தார். அப்படியொரு ஒளிப்பதிவே இல்லை, அவ்விதக் கண்காணிப்பும் நடக்கவில்லை என்பது வெளியாயிற்று. 2010 யூலையில் இரண்டு பத்திரிகைகளும் மன்னிப்புக் கோரி, மொத்தம் 77,500 பவுண் நட்டஈடு கொடுத்தன. ஏறத்தாழப் பத்து மாதங்கள். அந்தப் பத்து மாதங்களில் நண்பர்கள் தன்னை விட்டு விலகியதையும், உயிரை விடலாமா என்றுகூட எண்ணியதையும் அவரே பின்னர் பகிரங்கமாகச் சொன்னார்.

ஆங்கிலப் பத்திரிகைகள் அகதிகள் பற்றிப் பொய் எழுதுவது எமக்குப் புதினமல்ல. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அச்செய்தியை நம்பியவர்கள் யார்? சதுக்கத்தில் அவருக்கு முன்னால் கைகூப்பி நின்ற எம்மவர்களில் பலர் நம்பினார்கள். ஏன் நம்பினார்கள்? தோல்விக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. "எல்லாம் பேய்க்காட்டல்தான்" என்பது ஒருவிதத்தில் ஆறுதலான காரணம். இனி வெளிக்கிடத் தேவையில்லை என்ற அனுமதி அதற்குள் இருக்கிறது. தோற்ற அணி தன் ஆட்களையே தின்னத் தொடங்குவது இந்த இடத்தில்தான். ஒரு வதந்தி வந்தவுடன் இரண்டு பேர் அவரது வீட்டுக்குப் போய், கதவைத் தட்டி, "என்ன நடந்தது, தம்பி?" என்று கேட்பதற்கு ஓர் ஒழுங்கு எம்மிடம் இருக்கவில்லை. ஊர்வலத்துக்குத் தொண்டர் அணி இருந்தது, குடிதண்ணீருக்கு ஆட்கள் இருந்தார்கள். இதற்கு ஒருவரும் இல்லை.

இதே நகரத்தில், இதே ஆற்றங்கரையில், இதே விதமான பரிகாசம் எமக்கு 161 வருடங்களுக்கு முன்னரும் நடந்திருக்கிறது. 1848 ஏப்ரல் 10ஆம் திகதி, வாக்குரிமை கேட்ட தொழிலாளரின் சாசன இயக்கத்தினர் தென் இலண்டனில் கெனிங்ரன் திறந்தவெளியில் கூடினர். பாராளுமன்றத்துக்கு ஊர்வலமாகப் போய் மனுக் கொடுப்பது திட்டம். தேம்ஸ் பாலங்களை ஊர்வலம் கடக்கக்கூடாது என்று பொலிஸ் ஆணையாளர் சொல்லிவிட்டார். தலைவர் பேர்கஸ் ஓ'கொனர் பணிந்தார். மனு குதிரை வண்டிகளில் போனது. 57 இலட்சம் கையொப்பங்கள் என்று ஓ'கொனர் சபையில் சொன்னார். சபையின் எழுதுவினைஞர்கள் எண்ணிப் பார்த்து 20 இலட்சத்துக்கும் குறைவு என்றனர். விக்டோரியா மகாராணி, வெலிங்ரன் பிரபு, "சப்பை மூக்கன்" என்றெல்லாம் கையொப்பங்கள் இருந்ததாக வாசிக்கப்பட்டபோது சபை சிரித்தது. அத்தோடு இயக்கம் முடிந்தது என்று அன்று பலரும் எழுதினர்.

அந்த மனுவின் ஆறு கோரிக்கைகளில் ஐந்து பின்னர் சட்டமாயின. உறுப்பினருக்கான சொத்துத் தகைமை 1858இல் நீங்கியது, இரகசிய வாக்கு 1872இல் வந்தது, உறுப்பினர் சம்பளம் 1911இல், ஆண்கள் அனைவருக்குமான வாக்குரிமை 1918இல். வருடாந்தப் பாராளுமன்றம் மட்டும் வரவில்லை. இதனை எடுத்துக்காட்டி "பார்த்தீர்களா, நீதி வென்றே தீரும்" என்று எம்மவர் மேடைகளில் முழங்குவதை நான் கேட்டிருக்கிறேன். அது வரலாற்றைப் பிழையாக வாசிப்பது. கெனிங்ரனில் நின்றவர்களில் பெரும்பாலோர் 1918ஐக் காணவில்லை. அவர்களை மறுநாள் காலையில் எது எழுப்பியது என்பதுதான் எமக்குப் பயன்படும் கேள்வி.

ஒரு பகுதி பதில் அவர்களது காணித் திட்டத்தில், எதிர்மறையாக இருக்கிறது. ஏழைத் தொழிலாளர் சிறுகச் சிறுகப் பணம் கட்டி நிலம் வாங்கும் கம்பனி ஒன்றை ஓ'கொனர் நடத்தினார். 1848இல் பாராளுமன்றக் குழு அதனை விசாரித்தது. அவர் ஒரு சதம் திருடவில்லை என்றும், உண்மையில் கம்பனிதான் அவருக்குக் கடன்பட்டிருந்தது என்றும் தெரியவந்தது. ஆனால் கணக்குப் புத்தகங்கள் ஒழுங்காக வைக்கப்படவில்லை. திட்டம் 1851இல் கலைக்கப்பட்டது. நேர்மையான மனிதர், கணக்குக் காட்டாதபடியால் சந்தேகத்தோடு போனார். எங்களுடைய பொறுப்பாளர்கள் எல்லோரும் நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், 2009இற்கு முந்திய மாதங்களில் வங்கிக் கடன் எடுத்துக் கொடுத்தவர்கள், நகை அடைவு வைத்துக் கொடுத்தவர்கள் கேட்ட கேள்விக்கு இன்று வரை எழுத்தில் பதில் வரவில்லை. தவணைக் காசு மாத்திரம் அவர்களது வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் கழிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மாதமும் தோல்வியை ஞாபகப்படுத்தும் கடிதம் வரும் வீட்டில் எந்தப் பாடலைப் போட்டு உணர்வூட்டுவது?

இன்னொரு பகுதி பதில் வில்லியம் கபே என்ற தையல்காரர். அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவரின் மகன், கறுப்பர், இலண்டன் சாசன இயக்கத்தின் முன்னணியாளர். பாலத்தைக் கடக்காமல் பணிந்ததற்காக ஓ'கொனரைக் கூட்டத்திலேயே கடிந்தவர். அவ்வருடமே சதி வழக்கில் நாடுகடத்தல் தண்டனை பெற்று, பின்னர் தஸ்மேனியாவுக்கு அனுப்பப்பட்டார். 1856இல் மன்னிப்புக் கிடைத்தும் திரும்பவில்லை. அங்கேயே தையல் தைத்துக்கொண்டு, அந்தத் தீவின் எசமான்-வேலையாள் சட்டத்துக்கு எதிராகக் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்து, 1870இல் இறந்தார். பெரிய சாசனம் தோற்ற பின் அவர் கையில் எடுத்தது, தான் நின்ற இடத்தில் தன் கைக்கு எட்டிய சட்டம்.

எமது சொந்தச் சரித்திரத்திலும் இதற்கு ஒப்பானது உண்டு. இன்றைய இளைஞர்கள் அதனை அறியமாட்டார்கள், எம்மில் பலர் மறந்துவிட்டோம். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமானத் தளத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழ் அகதிகள் ஆடைகளைக் களைந்து நின்றார்கள். படம் உலகமெங்கும் போனது. அதன் உடனடிப் பலன் என்ன? உரிய பத்திரமில்லாத பயணிகளைக் கொண்டுவரும் விமானக் கம்பனிகளுக்கு அபராதம் விதிக்கும் சட்டம் அவ்வருடமே வந்தது. ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற கப்பலில் எம்மவரை அடைத்து வைத்தார்கள். ஒக்டோபர் புயலில் அது கட்டறுத்துக்கொண்டு மிதந்தது. டிசம்பரில் சிவகுமாரன் வழக்கில் பிரபுக்கள் சபை எமக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1988 தொடக்கத்தில் ஐந்து பேர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒரு வருடத்துக்குள் தோல்விக்கு மேல் தோல்வி.

அன்றைய சட்டப்படி நாட்டைவிட்டுப் போன பின்புதான் மேன்முறையீடு செய்யலாம். செய்தார்கள். 1989இல் விசாரணை அதிகாரி, இவர்களது அச்சம் நியாயமானது என்று தீர்ப்புச் சொல்ல, அவர்கள் மீண்டும் இங்கு வந்து சேர்ந்தார்கள். பின்னர் ஸ்ராஸ்பேர்க்கில் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போன வில்வராஜா வழக்கு 1991இல் மீண்டும் தோற்றது. பிரதான முறைப்பாட்டில் எட்டுக்கு ஒன்று. இந்த வெற்றி தோல்விகளை ஒரு நேர்கோட்டில் அடுக்க முடியாது. ஆனால் பிரபுக்கள் சபைத் தீர்ப்புக்கும் 1989இற்கும் இடையில், போனவர்களோடு தொடர்பு அறாமல் பார்த்துக்கொண்டவர்கள், கடிதங்களை மொழிபெயர்த்தவர்கள், சட்டத்தரணியிடம் ஓடித் திரிந்தவர்கள் இருந்திருக்க வேண்டும். இல்லாவிடில் மேன்முறையீடு வெறும் கடதாசி. அவர்களுக்கு யாரும் உணர்வூட்டவில்லை. வேலை இருந்தது.

2009இற்குப் பின்னரும் நிலைத்து நின்றவர்கள் யார் என்று பார்த்தால் இதே கதைதான். 2010 ஜனவரி இறுதியில் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் மீதான வாக்கெடுப்பில் இந்நாட்டில் 64 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர், 99 சதவீதத்துக்கு மேல் "ஆம்". அந்த வார இறுதியில் ஒரு உற்சாகம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை அந்த 64 ஆயிரம் பேரிடமும் செய்யச்சொல்லி ஒன்றும் கேட்கப்படவில்லை. 2010 டிசம்பரில் மகிந்த ராஜபக்சவின் ஒக்ஸ்போர்ட் உரை இரத்தானது, 2012 யூனில் இலண்டன் நகரில் அவர் ஆற்றவிருந்த உரையும் இரத்தானது. இவையும் நல்ல நாட்களே. எதிரி வந்தால் மட்டும் கூடும் கூட்டத்துக்கு, எதிரி வராத வருடங்களில் வீட்டில் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மறுபுறத்தில், திருப்பி அனுப்பப்பட்டுச் சித்திரவதைக்குள்ளாகி மீண்டும் தப்பிவந்தவர்களின் வாக்குமூலங்களைச் சேகரித்தவர்களைப் பாருங்கள். 2013 பெப்ரவரி இறுதியில், தமிழர்களை ஏற்றிச்செல்லவிருந்த விசேட விமானத்தில் அவர்கள் அனுப்பப்படுவதை உயர்நீதிமன்றம் நிறுத்தியது அவ்வகை ஆதாரங்களின் பேரில்தான். 2018 பெப்ரவரி 4இல் தூதரகத்துக்கு முன்னால் கழுத்தறுக்கும் சைகை காட்டிய பிரிகேடியர் பிரியங்க பெர்னாண்டோ 2019இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2021இல் இராஜதந்திர விதிவிலக்கின் பேரில் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. தோல்விதான். ஆனால் அவ்வழக்கில் வேலை செய்த இளைஞர்கள் எவரும் சோர்ந்து வீட்டுக்குப் போனதாக நான் அறியவில்லை. எந்த வாதம் எடுபட்டது, எது எடுபடவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். 2025 மார்ச் 24இல் சவேந்திர சில்வா உட்பட நால்வர் மீது பிரித்தானிய அரசு தடை விதித்தபோது, அவர்கள் அதனை வெடி கொளுத்திக் கொண்டாடவும் இல்லை, "இவ்வளவுதானா" என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளவும் இல்லை. நால்வரில் ஒருவர் கருணா. அதுபற்றி எம்மிடையே நடந்திருக்க வேண்டிய விவாதம் நடக்கவில்லை என்பதை மட்டும் இங்கு குறித்துவைக்கிறேன்.

ஏனெனில் அந்த விவாதம் வந்தால் மற்றதும் வரும். 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை, அரச படைகளின் ஷெல்லடி பற்றிச் சொன்னதை நாம் ஆயிரம் தடவை மேற்கோள் காட்டினோம். தப்பி ஓடிய சனங்களைப் புலிகள் சுட்டதையும், பிள்ளைகளைப் பிடித்துச் சென்றதையும் அதே அறிக்கை சொன்னதை மடித்து வைத்தோம். "இப்ப இதைக் கதைக்கிற நேரமே? சனம் ஏற்கெனவே சோர்ந்து போய்க் கிடக்கு" என்பதுதான் வழமையான பதில். உண்மையை மறைத்தால் மனவுறுதி நிலைக்கும் என்ற எடுகோள் அதில் இருக்கிறது. எனக்கு அது பிழையாகவே படுகிறது. வன்னியிலிருந்து வந்த ஒரு தாய்க்கு இரண்டும் தெரியும். ஒன்றை மட்டும் சொல்லும் கூட்டத்துக்கு அவர் ஒரு முறை வருவார். இரண்டாம் முறை வரமாட்டார். நாம் அவரையும் "சோர்ந்துபோன சனம்" என்ற கணக்கில் எழுதிவைப்போம். அதேபோல, பணம் சேர்ப்பதில் நடந்த மிரட்டல்கள் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2006இல் இலண்டனையும் ரொறன்ரோவையும் குறித்து எழுதியபோது அதனைத் துரோகம் என்றோம். 2009 ஏப்ரலில் சதுக்கத்துக்கு வராமல் வீட்டிலிருந்து அழுத எத்தனையோ பேர் அந்த மிரட்டலின் நினைவாலேயே வரவில்லை. இலக்கியச் சந்திப்புகளில் காணும் எமது நண்பர்கள் பலர் அந்த வகை. அவர்களும் அன்று தோற்றவர்கள்தான். அவர்களுக்கு அழுவதற்குச் சதுக்கம்கூட இருக்கவில்லை.

அந்தப் பெற்றோல் ஸ்ரேசன்காரரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2013இல் விமான வழக்கின்போது தமிழ்க் கையெழுத்தில் இருந்த சில கடிதங்களை அவசரமாக மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஊரில் அவர் ஆங்கில ஆசிரியராக இருந்தவர் என்பது யாருக்கோ ஞாபகம் வந்தது. நான் போன் பண்ணினேன். வழமைபோல மனைவிதான் எடுத்தார். ஆர்ப்பாட்டமில்லை, கூட்டமில்லை, பதின்மூன்று பக்கம் இருக்கிறது, வியாழனுக்கு முதல் வேண்டும் என்று அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவரது குரல் வந்தது.

"கையெழுத்து விளங்குமே, தம்பி?"

"கொஞ்சம் கஷ்டம்தான், அண்ணை."

"செவ்வாய்க்கிழமை எனக்கு ஓஃப். கொண்டுவந்து தாரும்."